தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

"தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதிலும் ஆற்றங்கரை ஊர்க்காரர்களிடம் போய், "உங்கள் ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு நன்றாக இல்லையாமே?" என்று கேட்டுவிட்டால் போதும். பெண் கொடுத்த சம்பந்தியாக இருந்தாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்! நானும் தாமிரபரணிக் கரைக்காரிதான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகம் என்ன, சோற்றின் ருசி என்ன! திருநெல்வேலி அல்வாவின் ருசிக்கே அந்தத் தண்ணீர்தான் காரணம் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வேதவாக்கு.

ஆனால் சகோதரிகளே, ருசி வேறு, சுத்தம் வேறு. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கும் இளம் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அக்கா, எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. குழந்தைக்கு அப்படியே கொடுக்கலாமா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஒரு தண்ணீரைக் குடிக்கலாமா என்று முடிவு செய்ய நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது ஆற்றில் எந்த இடத்தில் எடுத்த தண்ணீர்? அந்த இடத்துக்கு மேலே அதில் என்னென்ன கலந்திருக்கிறது? எடுத்த இடத்திலிருந்து நம் டம்ளருக்கு வருவதற்குள் அதற்கு என்ன நடந்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால்தான் தண்ணீரின் ஜாதகம் முழுசாகக் கிடைக்கும்.

கண்ணும் நாக்கும் சொல்லாத சங்கதி

நம் பாட்டிமார்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். அது தப்பே இல்லை. கலங்கல், நாற்றம், உப்பு, துரு வாசனை, பாசி நிறம் எல்லாம் இந்த வகையில் தெரிந்துவிடும். இவற்றில் ஏதாவது புதிதாக வந்தால் அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்கக் கூடாது என்பது சரியான புத்தி.

ஆனால் டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை, வயிற்றுக் கடுப்பு இவற்றைக் கொண்டுவரும் கிருமிகளுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. பளிங்கு மாதிரி இருக்கும் ஒரு செம்புத் தண்ணீரில் அவை லட்சக்கணக்கில் இருக்கலாம். வயலில் போட்ட உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் அப்படித்தான். கரைந்து போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கண்ணும் நாக்கும் "இது வேண்டாம்" என்று சொன்னால் நம்பலாம். "இது நல்லது" என்று சொன்னால் மட்டும் நம்பக் கூடாது!

லண்டனில் ஒரு டாக்டர் வீடு வீடாகப் போன கதை

தண்ணீரை ஆற்றில் எங்கே எடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்குக் காட்டியது லண்டன் மாநகரத்தின் தேம்ஸ் ஆறு. 1854-ஆம் வருஷம் அங்கே காலரா பரவியது. நோய்க்குக் கிருமி காரணம் என்பதே அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் பெரிய டாக்டர்களே நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டருக்கு மட்டும் தண்ணீர் மேல் சந்தேகம்.

லண்டனின் தென்பகுதியில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. லாம்பெத் என்ற கம்பெனி, நகரத்துச் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு 1852-ல் போய் அங்கிருந்து தண்ணீர் எடுக்க ஆரம்பித்திருந்தது. சதர்க் அண்ட் வாக்ஸால் என்ற இன்னொரு கம்பெனி, சாக்கடை கலந்த பாட்டர்சீ பகுதியிலேயே எடுத்துக்கொண்டிருந்தது. ஆறு ஒன்று, தெருவும் ஒன்று. எடுக்கும் இடம்தான் வேறு.

எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கே பல சமயம் தெரியவில்லை. டாக்டர் ஸ்நோ என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரிலும் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுப் பார்த்தார். பாட்டர்சீ தண்ணீரில் உப்பு பலமடங்கு அதிகம். அதனால் வெள்ளை வெளேரென்று திரிந்தது. மேல்பகுதித் தண்ணீர் லேசாகத்தான் கலங்கியது. இப்படிக் கண்டுபிடித்து, இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். முதல் ஏழு வாரத்தில், பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை சாவு என்று பார்த்தால், சாக்கடை கலந்த தண்ணீர் குடித்த வீடுகளில் 315. மேல்பகுதித் தண்ணீர் குடித்த வீடுகளில் 37!

ஜெர்மனியில் நடந்தது இன்னொரு பாடம். எல்பே ஆற்றின் கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று ஒட்டினாற்போல இரண்டு ஊர்கள். மேலே இருந்த ஹாம்பர்க், ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டது. ஹாம்பர்க்கின் சாக்கடையும் சேர்ந்து வரும் கீழ்ப்பகுதியில்தான் ஆல்டோனா தண்ணீர் எடுத்தது. ஆனால் மணல் படுகையில் மெதுவாக வடிகட்டிக் கொடுத்தது. 1892-ல் காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 8,600 பேர் மாண்டார்கள். ஆல்டோனாவில் பெரிய சேதம் இல்லை. இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் நோய், எதிர்ப்பக்கம் நோயில்லை!

பார்த்தீர்களா? நல்ல இடத்தில் எடுப்பது ஒரு காப்பு. எடுத்ததைச் சுத்தம் செய்வது இன்னொரு காப்பு. இரண்டும் இருந்தால்தான் தாய்க்கு நிம்மதி.

ஆற்றுக்கும் மார்க் போடுகிறார்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். பொதிகை மலையில் பிறக்கிற தாமிரபரணி, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே பிறந்து நம் கடலிலேயே சேரும் ஆறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கைகொடுப்பதால் வற்றாத ஜீவநதி என்று பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இதுதான் குடிநீர்.

மலையில் இறங்கும்போது அது வேறு தண்ணீர். பாபநாசம் தாண்டியதும் மனிதர்கள் கைவரிசை ஆரம்பம். பரிகாரம் என்ற பேரில் ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை மூட்டை மூட்டையாக வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. சோப்பு, ஷாம்பு பாக்கெட், எண்ணெய் வேறு. அப்புறம் வயல் வடிகாலில் உரமும் பூச்சிமருந்தும். பிறகு வழிநெடுக உள்ள ஊர்களின் சாக்கடை. இந்த ஆற்றில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்து, 2024-ல் நீதிபதிகளே நேரில் வந்து கரையோரம் பார்வையிட்டார்கள் என்றால் விஷயம் சின்னதா?

ஓர் ஆற்றுத் தண்ணீர் எதற்கு லாயக்கு என்று தீர்மானிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுப்புகள் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூட மார்க் மாதிரிதான். அதில் வரும் மூன்று முக்கியமான பாடங்களை நாமும் தெரிந்துகொள்வோமா?

முதலாவது, கோலிஃபார்ம். மனிதர், மாடு முதலியவற்றின் குடலில் வாழும் கிருமிக் கூட்டம் இதில் அடக்கம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்கிறோமே, அது மாதிரி. இந்தக் கூட்டம் அதிகம் இருந்தால் மலம் கலந்திருக்கலாம், நோய்க்கிருமியும் கூடவே வந்திருக்கலாம் என்று அர்த்தம்.

இரண்டாவது, தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு. மீன் மூச்சு விடுவதே இதைக் கொண்டுதான். பாறையில் மோதி, துள்ளி ஓடும் தண்ணீரில் அதிகம் இருக்கும். தேங்கி நாறும் தண்ணீரில் குறைந்துவிடும்.

மூன்றாவது, பி.ஓ.டி. என்று சொல்லும் பிராணவாயுத் தேவை. சாக்கடை வந்து சேர்ந்தால் அதைத் தின்னுகிற நுண்ணுயிர்களுக்குக் கல்யாண விருந்து! விருந்தாளி கூடக்கூட, ஆற்றிலுள்ள பிராணவாயுவை அவை காலி செய்யும். இத்தனை அழுக்கைத் தின்று முடிக்க எத்தனை பிராணவாயு செலவாகும் என்ற கணக்குதான் இது. தண்ணீரைப் புட்டியில் அடைத்து 27 டிகிரியில் மூன்று நாளோ, 20 டிகிரியில் ஐந்து நாளோ வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். இந்த எண் கூடினால் அழுக்கு கூட என்று அர்த்தம்.

இனி வகுப்புகள்:

முதல் வகுப்பு: வடிகட்டாமல், கிருமிநாசினி மட்டும் சேர்த்துக் குடிக்கத் தக்கது. 100 மில்லியில் கோலிஃபார்ம் 50-க்கு மேல் கூடாது. பிராணவாயு லிட்டருக்கு 6 மில்லிகிராமாவது வேண்டும். பி.ஓ.டி. 2-க்குள் இருக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பு: குளிக்கத் தக்கது. கோலிஃபார்ம் 500-க்குள். பிராணவாயு 5-க்குக் குறையாமல், பி.ஓ.டி. 3-க்குள்.

மூன்றாம் வகுப்பு: தெளிய வைத்து, வடிகட்டி, கிருமி நீக்கிய பிறகே குடிக்கத் தக்கது. கோலிஃபார்ம் 5,000 வரை போகலாம். பிராணவாயு 4-க்குக் குறையாமல், பி.ஓ.டி. 3-க்குள்.

"இதென்ன கூத்து? குளிக்கிற தண்ணீருக்கு 500, குடிநீருக்கு எடுக்கிற தண்ணீருக்கு 5,000-ஆ?" என்று எனக்கும் முதலில் திகைப்பாக இருந்தது. யோசித்தால் நியாயம் புரியும். குடிநீருக்கு எடுப்பது சுத்திகரித்த பிறகுதான் வாய்க்கு வருகிறது. படித்துறையில் முங்கிக் குளிக்கும் பிள்ளை ஒரு மடக்கு விழுங்கிவிட்டால் நடுவில் வடிகட்டி ஏது? ஆகவே, குழந்தைகளைக் குளிக்கக் கூட்டிப் போகும்போது வாயை மூடிக்கொண்டு முங்கப் பழக்குங்கள். சாக்கடை வந்து சேருகிற இடத்துக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

மணல் செய்யும் மாயம்

எங்கள் பக்கம் பல ஊர்களில் ஓடும் தண்ணீரை அப்படியே மோட்டார் போட்டு இறைப்பதில்லை. ஆற்றுப் படுகையில் உறை கிணறு இறக்கி, மணல் வழியாக ஊறி வரும் தண்ணீரை எடுக்கிறார்கள். ஆல்டோனா ஊர்க்காரர்கள் தொட்டி கட்டிச் செய்ததை இங்கே ஆறே செய்துகொடுக்கிறது. மணல் அடுக்கு கலங்கலைப் பிடித்து வைக்கும், கிருமிகளில் பெரும்பகுதியையும் நிறுத்தும். அந்த வடிகட்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் எங்கே போவது? நல்லகண்ணு அவர்கள் தொடுத்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள மதுரைக் கிளை 2010-ல் தடை போட்டது வீடு கட்டுகிறவர்கள் சமாசாரம் மட்டும் இல்லை, நம் அடுப்பங்கரைச் சமாசாரமும்தான்.

மணலில் ஊறி வந்தாலும் குளோரின் சேர்க்க வேண்டும். தண்ணீர் வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் விதி. அந்த மிச்சம்தான் வழியில் குழாய் ஓட்டையில் புகும் கிருமிக்குக் காவல்காரன். "மருந்து வாடை அடிக்குது" என்று சில பேர் மூக்கைச் சுளிப்பார்கள். லேசான அந்த வாடை வந்தால் சந்தோஷப்படுங்கள்! திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

மூன்று புட்டிகள்

மேலே சொன்னதெல்லாம் சரியாக நடந்த பிறகும் தண்ணீர் கெட ஒரு இடம் பாக்கி இருக்கிறது. அதுதான் நம் வீடு.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் மதினி வீடு இருக்கிறது. அவளுடைய பேரனுக்கு ஒன்றேகால் வயது. மாசத்துக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. பிள்ளைக்கு எடையே ஏறவில்லை. மருமகள் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்றால், வீட்டுப் பெரிய ஆச்சிக்குச் சம்மதமில்லை. "ஏளா, ஓடுற தண்ணிக்கு ஏது தோஷம்? நாங்கல்லாம் இந்த ஆத்துத் தண்ணியக் குடிச்சுத்தானே வளந்தோம்! காய்ச்சுனா தண்ணியில சத்து செத்துப் போகும்" என்பார்கள்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனை செய்யப் பயிற்சி கொடுக்கிறார்கள். மதினி வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் அப்படிப் பயிற்சி எடுத்தவள். அவளிடம் சின்னச் சின்னப் புட்டிகள் இருந்தன. உள்ளே மருந்து தடவிய காகிதம். தண்ணீரைக் கோடு வரை நிரப்பி மூடி, வெயில் படாமல் சாதாரணச் சூட்டில் ஒரு ராத்திரி, ஒரு பகல் வைக்க வேண்டும். மலத்திலிருந்து வந்த கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். இது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. குவாலியரில் இருந்த நம் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் கண்டுபிடித்து 1982-ல் உலகுக்குச் சொன்னது.

படித்துறைத் தண்ணீர் ஒரு புட்டி, தெருக்குழாய்த் தண்ணீர் ஒரு புட்டி, அடுப்பங்கரைக் குடத்துத் தண்ணீர் ஒரு புட்டி. மூன்றையும் துணி சுற்றி அலமாரியில் வைத்தாள். மறுநாள் சாயங்காலம் எடுத்தால், படித்துறைப் புட்டி மை போலக் கறுப்பு. குழாய்ப் புட்டி அப்படியே தெளிவு. குடத்துப் புட்டி? அதுவும் கறுப்பு!

குழாயிலிருந்து குடத்துக்கு வருவதற்குள் என்ன நடந்தது? விசேஷமாக ஒன்றும் இல்லை. அடியில் பழைய தண்ணீர் கிடக்க, அதன் மேலேயே புதுத் தண்ணீர் பிடிப்பது. மூடியாக ஒரு ஈரத் தட்டு. ஆளாளுக்கு டம்ளரை விரலோடு முக்கி எடுப்பது. நம்மில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதானே?

ஆச்சி அந்தக் கறுத்த புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் புளி போட்டுக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது அவர்கள்தான்! "பிள்ளைக்குக் காய்ச்சியே கொடு" என்று மருமகளிடம் சொன்னதும் அவர்கள்தான். குழந்தையின் எல்லா உபாதைக்கும் அந்தக் குடம்தான் காரணம் என்று நான் அடித்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளை தேறி வருகிறான்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். இந்தப் புட்டி கறுத்தால் குடிக்காதே என்று அர்த்தம். கறுக்காவிட்டால் எல்லாம் சுத்தம் என்று பத்திரம் எழுதிக் கொடுத்ததாக அர்த்தம் இல்லை. நைட்ரேட், ஃப்ளோரைடு, பூச்சிமருந்து எல்லாம் இதில் தெரியாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. எப்படி மாதிரி எடுத்து வரவேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் கொடுக்கும் சுத்தமான புட்டியில்தான் பிடிக்க வேண்டும்.

வாசலில் வரும் வித்தைக்காரர்

மத்தியான நேரத்தில், வீட்டில் ஆம்பளைகள் இல்லாத சமயம் பார்த்து, சுத்திகரிப்பு மெஷின் விற்க வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் முக்கி, "பாருங்கம்மா, டி.டி.எஸ். இவ்வளவு!" என்பார்கள். அது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவை மட்டும் காட்டும். கிருமியைக் காட்டவே காட்டாது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பது நம் நாட்டு விதி. மலையிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரில் உப்பு பொதுவாகக் குறைவுதான். அதில் மெஷின் வைத்து மேலும் உப்பைப் பிழிந்து எடுக்க அவசியம் இருக்காது. பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போவதும் மிச்சம்.

இன்னொரு வித்தை, இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவது. உங்கள் வீட்டுத் தண்ணீர் செம்மண் சாறு போல ஆகிவிடும். அவருடைய மெஷின் தண்ணீர் அப்படியே நிற்கும். வயிறு கலங்கிவிடும் நமக்கு! அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியிலுள்ள இரும்பு கரைந்து வருவது. உப்பு இருந்தால்தான் மின்சாரம் ஓடும். அவர் தண்ணீரில் உப்பில்லை, அதனால் நிறமும் இல்லை. அவ்வளவுதான் சூட்சுமம். அடுத்த தடவை வந்தால், "இந்தக் கம்பியில கிருமி தெரியுமா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கலங்கல் தண்ணீரை முதலில் தெளிய விடுங்கள். படிகாரம், தேற்றான் கொட்டை, முருங்கை விதை எல்லாம் கலங்கலை அடியில் இறக்கும். ஆனால் கிருமியை அடியோடு கொல்லாது. தெளிந்ததை மெல்லிய துணியை நாலாக மடித்து வடிகட்டி, பிறகு காய்ச்சுங்கள்.

2. காய்ச்சுவது என்றால் வெதுவெதுப்பாக்குவது அல்ல. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு முழு நிமிஷம் கொதிக்க வேண்டும். மூடியபடியே ஆறவிட்டு அதே பாத்திரத்தில் வைப்பது உத்தமம். "சத்து செத்துப் போகும்" என்பது வீண் பயம்.

3. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். உப்பும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பரிசோதனையில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் என்று வந்தால், அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவே கூடாது. வேறு தண்ணீர்தான் தேட வேண்டும்.

4. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். கத்திரி வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். எந்தத் தண்ணீர் கொடுக்கலாம் என்ற கவலையே அந்த ஆறு மாதத்துக்கு இல்லை!

5. குடத்தைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வாய் குறுகின பாத்திரமோ, அடியில் குழாய் வைத்த பாத்திரமோ நல்லது. இல்லையென்றால் நீளப் பிடி வைத்த குவளை ஒன்றை அதற்கென்றே மாட்டி வையுங்கள்.

6. செம்புப் பாத்திரத்தில் ராத்திரி முழுதும் வைத்தால் கிருமி குறையும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு அதை மட்டும் நம்பாமல் காய்ச்சியே கொடுங்கள்.

7. காய்ச்ச வசதியில்லாத சமயம், மருந்துக்கடைக் குளோரின் மாத்திரையை உறையில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து அரை மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். கலங்கல் தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது. முதலில் தெளிய வைப்பது அதனால்தான்.

வெள்ளம் வந்தால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. வீட்டைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர், குடிக்க ஒரு செம்பு நல்ல தண்ணீர் இல்லை என்று எத்தனை வீடுகள் தவித்தன!

வெள்ளத் தண்ணீரில் கழிவறைத் தொட்டி, மாட்டுத் தொழுவம், குப்பைமேடு எல்லாம் கலந்துதான் வரும். குடிநீர்க் குழாயிலும் அது புகுந்துவிடும். ஆகவே வெள்ளம் வடிந்து குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் உடனே குடிக்காதீர்கள். முதலில் வரும் கலங்கலைத் திறந்து விட்டுவிடுங்கள். தரைத்தொட்டியிலும் மாடித்தொட்டியிலும் வெள்ளம் புகுந்திருந்தால் இறைத்துக் கழுவிக் குளோரின் போட்ட பிறகே நிரப்புங்கள். சில வாரங்களாவது வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சிய தண்ணீர்தான். கோடை முடிந்து ஆற்றில் வரும் முதல் புதுத்தண்ணீருக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். மாசக்கணக்கில் கரையில் சேர்ந்த அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு வருவது அதுதானே?

தண்ணீர் பிடிக்கிறவர்கள் நாம்தான்

வீட்டில் தண்ணீர் பிடிப்பது, காய்ச்சுவது, நோய் வந்தால் ராத்திரி முழுதும் விழித்திருப்பது எல்லாம் பெண்கள் பாடு. அப்படியானால் கேள்வி கேட்கவும் நாம்தானே முன்னே நிற்க வேண்டும்? மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள், குளோரின் தினமும் போடுகிறார்களா, கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். குளோரினை நீங்களே பார்க்கலாம். பரிசோதனைப் பெட்டியில் உள்ள மருந்தை நாலு சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். குளோரின் இல்லை என்றால் நிறம் மாறாது. உங்கள் தெருக் குழாயில் பிடித்துக் காட்டினால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

பயிற்சி பெற்ற ஐந்து பெண்கள் உங்கள் ஊரில் யார் யார் என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். அவர்களைக் கூப்பிட்டு, குழாயில் ஒன்று, குடத்தில் ஒன்று என்று இரண்டு புட்டி பிடித்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் எந்தப் புட்டி கறுக்கிறது என்று பார்த்தால், சுத்தம் செய்ய வேண்டியது ஊர்த் தொட்டியையா, நம் வீட்டுக் குடத்தையா என்று தெரிந்துவிடும்.